பத்தொன்பது இழைகள்: மலைநாட்டில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: வவுனியாவிலிருந்து கம்பளை

ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிய மறுநாளே புறப்பட்டுவிட்டேன். விடிய ஐந்து மணிக்கு ஏ9 வீதியில் ஏறினேன். தம்புள்ளை வரை நேர் வீதி, வரண்ட காற்று, புழுதி. மாத்தளையில் மத்தியானச் சாப்பாடு. கண்டி நெரிசலுக்குள் ஒரு மணித்தியாலம் போனது. பேராதனையில் ஏ5 வீதிக்குத் திரும்பி, இருட்டுவதற்குள் கம்பளையில் அறை எடுத்துவிட்டேன்.

என்னுடைய மோட்டார் சைக்கிள் 2011ஆம் ஆண்டினது. 125 சிசி, கார்ப்ரேட்டர் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்; 2025 தொடக்கத்தில்தான் தனியார் பாவனைக்குத் திரும்பவும் திறந்தார்கள். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் இந்த நாட்டில் எல்லோரும் கையில் இருந்த வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓடினோம். அந்தக் காலத்தில் எனக்கு இந்த வண்டியோடு வந்த பற்று இன்னும் விடவில்லை. இறக்குமதி திறந்த பிறகும் மாற்றும் எண்ணம் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதை அரித்தபடி இருக்கிறது. நாவுலை தாண்டி ஒரு லொறியை முந்திவிட்டு அக்சிலேட்டரை விட்டபோது எஞ்சின் சத்தம் உடனே இறங்கவில்லை. ஒரு விநாடிதான். கிளட்ச்சைப் பிடித்தேன், பிறகு தானாக இறங்கியது. கண்டியில் சந்தி ஒன்றில் ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பியபோது, கையை அசைக்காமலே ரேஸ் கூடியது. இரண்டும் ஒரே நோயின் குறிகள், கைப்பிடியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற அக்சிலேட்டர் கேபிள் பழுதாகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அறைக்கு வந்து கேபிளின் மேல்முனையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதோடு படுக்கப் போகிறேன். மேலதிகக் கேபிள் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அது வவுனியாவில் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இரண்டாம் நாள்: கம்பளையிலிருந்து நுவரெலியா

விடியவே மழை. தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவில்தான் முதலில் முட்டும். புசல்லாவையில் தேத்தண்ணிக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு, மழை கொஞ்சம் விட்டதும் ஏறத் தொடங்கினேன். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் முகிலுக்குள் வந்து வந்து மறைந்தது. றம்பொடைச் சுரங்கத்தைத் தாண்டி லபுக்கலைக்கு ஏறும் வளைவுகளில் வீதி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கிறது. ஒரு வளைவுக்குள் கையை நாலு தடவை திறந்து மூட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கிரிப்புக்குள் ஏதோ சொரசொரத்தது, மணல் விழுந்தது போல.

அதுதான் கேபிளின் உள்வயராக முறுக்கியிருக்கிற மெல்லிய இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகிற உணர்வு. அறுந்த இழையின் நுனி வெளிக்குழாயின் சுவரைக் கீறிக்கொண்டு போகும். அது எங்காவது குத்தி நின்றுவிட்டால் அக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். ஏற்றத்தில் அப்படி நடந்தால் சமாளிக்கலாம். இறக்கத்தில், வளைவுக்குள், முன்னால் பஸ் வரும்போது நடந்தால்? இந்த யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போதே கை வெறுமையானது. கிரிப் எந்தப் பாரமும் இல்லாமல் சுழன்றது. எஞ்சின் இறங்கி மெல்ல உறுமியபடி நின்றது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

கேபிள் அறுந்ததற்காக அந்த நேரம் நான் நன்றி சொன்னேன் என்றால் சிலருக்கு விளங்காது. என்னுடைய மாதிரி ஒற்றைக் கேபிள் வண்டியில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற கார்ப்ரேட்டருக்குள் ஸ்லைடு என்கிற சின்ன உருளை ஒன்று இருக்கிறது. கேபிள் அதை மேலே இழுக்கும், ஸ்பிரிங் கீழே தள்ளும். கேபிள் முழுசாக அறுந்தால் ஸ்பிரிங் உருளையைத் தள்ளி மூடிவிடும், எஞ்சின் தணிந்துவிடும். அரைகுறையாக அறுந்து சிக்குவதுதான் உயிருக்கு ஆபத்து. நாவுலையில் நடந்தது அதன் தொடக்கம்தான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் கடையும் இல்லை, வீடும் இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை. கார்ப்ரேட்டரின் பக்கத்தில் இருக்கிற ஸ்லோ ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினேன். அந்தத் திருகாணி ஸ்லைடை அடியிலிருந்து தாங்கி நிற்பது; முறுக்க முறுக்க அது உயரும், எஞ்சின் வேகம் கூடும். ஒரு ஆள் நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக, முதல் கியரிலேயே, கிளட்ச்சை மட்டும் வைத்து மேலே ஏறினேன். கிளட்ச்சைப் பிடிக்கும்போதெல்லாம் எஞ்சின் கத்தியது. இறக்கமாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், உருட்டிக்கொண்டுதான் போயிருப்பேன்.

இரண்டு கிலோமீட்டர் போனதும் மரக்கறிக் கடைகள் வந்தன. லீக்ஸ், கரட், முள்ளங்கி எல்லாம் கழுவி அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. ஓட்டுநர் சத்தத்தைக் கேட்டே இறங்கி வந்தார்.

“என்ன அண்ணே, அக்சிலேட்டர் வயர் போச்சா?”

“ஓம், மேல்முனையில அறுந்திட்டுது.”

“ஓம்னு சொல்றீங்க, யாழ்ப்பாணமா?”

“வவுனியா.”

“அப்ப நம்ம ஆளுங்க நெறைய இருக்கிற ஊருதான்.”

வயது முப்பது இருக்கும். ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கி ஒரு பையை எடுத்தார். கிளட்ச் வயர், பிரேக் வயர், அக்சிலேட்டர் வயர், கொஞ்சம் பழையது, கொஞ்சம் புதியது. ஆட்டோவுக்கு எஞ்சின் பின்னால், கை முன்னால். அதனால் வயர் நீளம் கூட. மலையில் ஓடுகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வெளிக்கிடுவதில்லை என்றார். என்னுடைய வெளிக்குழாயை அப்படியே வைத்து, உள்வயரை மட்டும் உருவி எடுத்தோம். அவருடைய பழைய வயர் ஒன்றின் முனையிலிருந்த குண்டு, அதாவது வயர் நழுவாமல் பிடிக்கிற சின்ன உலோகக் கட்டி, என் ஸ்லைடின் குழிக்குள் அச்சடித்ததுபோல அமர்ந்தது. அதுவரை நல்லது. மேல்முனைக்குக் குண்டு வேண்டும்.

கடைக்காரரிடம் ஒரு துண்டு மின்சாரக் கனெக்டர் இருந்தது. வீட்டு வயர்களைப் பொருத்துகிற வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டை, உள்ளே திருகாணியோடு பித்தளைக் குழாய். ஆட்டோ அண்ணன் பிளாஸ்டிக்கை உடைத்து எறிந்தார். பித்தளையை ஆக்ஸோ பிளேட்டால் பாதியாக அறுத்து, விளிம்பை வீதியோரக் கல்லில் தேய்த்தார். வயரை அதற்குள் விட்டு, நுனியை மடித்துத் திரும்பவும் உள்ளே விட்டு, திருகாணியை இறுக்கினார். மடிக்காமல் விட்டால் வழுக்கும் என்றார். ஒற்றை வயரைத் திருகாணி கடித்து இழைகளை நசுக்கிவிடும், மடித்தால் பாரம் பங்கிடும். முக்கால் மணித்தியாலம். காசு வாங்கவில்லை. பிளேன் டீ மட்டும் குடித்தார்.

“நுவரெலியா வரைக்கும் போதும் அண்ணே. அதுக்கு மேல இத நம்பாதீங்க. நீங்க பண்டாரவளப் பக்கம் போறதா இருந்தா, எங்க மாமா ஒருத்தர் இருக்காரு. ஸ்டோர்ல ஃபிட்டரா இருந்தவரு. அவருகிட்ட காட்டுங்க.”

மலைநாட்டில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. முகவரியை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

நுவரெலியாவுக்கு 4 மணிக்கு வந்து சேர்ந்தேன். கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர். கை விறைத்துவிட்டது. அறுந்த கேபிளை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள்: நுவரெலியாவிலிருந்து பண்டாரவளை

காலையில் நுவரெலியாக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன். ஒன்றில் இல்லை. இரண்டாவதில் அந்த மாடலுக்கு இனி வராது என்றார்கள். மூன்றாவதில் வேறொரு மாடலின் கேபிளை எடுத்துக் காட்டினார்கள். என்னுடையதை விட நான்கு விரற்கடை குறைவு. குறைந்த கேபிளை எந்தக் காரணம் கொண்டும் போடக்கூடாது. ஹேண்டிலைத் திருப்பும்போது அது தானாக அக்சிலேட்டரை இழுத்துவிடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஹக்கலைப் பூங்காவை (1861இல் தொடங்கியது) வாசலில் நின்று பார்த்ததோடு சரி. சீதா எலியவில் அம்மனைக் கும்பிட்டேன். கோயிலுக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் கை கழுவியபோது திருகாணியை ஒருமுறை இறுக்கினேன்.

ஹக்கலையைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் நடந்தது எனக்கு எப்போதும் அதிசயம்தான். பத்து நிமிடத்தில் மழை நின்றது. இன்னும் பத்து நிமிடத்தில் வீதி காய்ந்தது. வெலிமடைக்குள் நுழையும்போது வெயில், புழுதி, காற்று. மேற்குச் சரிவு நனைந்து ஊறுகிற இதே மாதங்களில் ஊவாப் பக்கம் காய்கிறது. அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசனை ஏறுகிறது. என் மழைக்கோட்டு வெலிமடையிலேயே உலர்ந்துவிட்டது.

வெலிமடையில் இன்னொரு முறை திருகாணி. பண்டாரவளையில் மூன்றாவது முறை. வயரின் மடிப்பில் ஒரு இழை நிமிர்ந்து நிற்கிறது. நாளைக்கு அந்த மாமாவைப் பார்க்காமல் ஒரு கிலோமீட்டரும் கூட ஓடுவதாக இல்லை.

நான்காம் நாள்: பண்டாரவளை, பூனாகலை வீதி

இன்று எழுதக் கொஞ்சம் நிறைய இருக்கிறது.

ஆட்டோ அண்ணன் சொன்ன மாமாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு வைஸ், கல்லில் பதித்த சின்ன உலை, சுவர் முழுக்க ஆணியில் தொங்குகிற ஸ்பேனர்கள். ஐயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டர் வேலை. கொழுந்து உருட்டுகிற ரோலர், காயவைக்கிற டிரையர், இரண்டையும் இரவு இரண்டு மணிக்கு எழுப்பினாலும் கழற்றிப் பூட்டுவேன் என்றார். மருமகன் ஏற்கெனவே கதைத்து வைத்திருந்தார். நான் வவுனியா என்று சொன்னதும் தங்கையைப் பற்றிச் சொன்னார். 1977 கலவரத்துக்குப் பிறகு அவர் குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறியவர். எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கிராமம். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தோம்.

நான் துணியைப் பிரித்து அறுந்த கேபிளைக் காட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது. 2011இல் வண்டியோடு வந்த கேபிள் பதினொரு வருடம் ஓடியது. 2022இல் மாற்றினேன். டொலர் இல்லாத வருடம். பெற்றோலுக்கு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அப்போது நல்ல சாமான் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததை வாங்கிப் போட்டேன். அது மூன்றே வருடத்தில் போய்விட்டது. ஆகவே குற்றம் மட்டமான சாமானில். இதை ஐயாவிடம் அப்படியே சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டு, பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து, அறுந்த நுனியை வெயிலில் பிடித்தார். பிறகு ஒரு ஊசியால் இழைகளை விரித்து எண்ணினார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. மொத்தம் பத்தொன்பது.

“இங்க பாருங்க தம்பி. அறுந்த எடம் கருத்து, துரு புடிச்சிருக்கு பாருங்க, இதெல்லாம் பழைய அறுவ. எண்ணுங்க.”

எண்ணினேன். பதினொன்று.

“இது மங்கி இருக்கு, ஆனா துரு இல்ல. கொஞ்ச நாளைக்கு முந்தி போனது.”

ஐந்து.

“மிச்சம் மினுங்குதில்ல? அதுதான் முந்தாநாள் மழையில போனது.”

மூன்று. அந்த மூன்று இழைகளில்தான் நான் தம்புள்ளையிலிருந்து றம்பொடை வரை வந்திருக்கிறேன். பதினொரு இழை எத்தனை மாதங்களுக்கு முன்னால் அறுந்ததோ, அவ்வளவு மாதமும் தினம் பள்ளிக்கூடத்துக்கு இதே வண்டியில்தான் போய் வந்தேன். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டும் போயிருக்கிறேன். கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

ஐயா அடுத்து வண்டியின் கிரிப்பைக் கழற்றினார். கேபிளின் மேல்முனைக் குண்டு அமர்கிற குழியை விரலால் தடவி என்னிடம் காட்டினார். துரு. காய்ந்து கட்டியான பழைய கிரீஸ். இதுதான் முதல் காரணம் என்றார். கையைத் திருப்பும்போது அந்தக் குண்டு குழிக்குள் தானும் கொஞ்சம் சுழல வேண்டும். சுழன்றால் வயர் நேராகவே இழுபடும். குண்டு இறுகிவிட்டால் அது சுழலாது; அதற்குப் பதிலாக, குண்டின் வாயில் வயர் மடங்கும். ஒவ்வொரு தடவை கையைத் திறக்கும்போதும் அதே இடத்தில் ஒரு மடிப்பு, மூடும்போது ஒரு நிமிர்வு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடித்து முறிக்கிறோமே, அதே வேலை. இழை மெல்லியது என்பதால் வருடக்கணக்காகத் தாங்குகிறது, அவ்வளவுதான். நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள் மேல்முனையில் குண்டுக்குப் பக்கத்தில்தான் அறுகிறது என்பது அவருடைய அனுபவக் கணக்கு. நான் பார்த்த அறுந்த கேபிள்களும் எல்லாம் அந்த இடத்தில்தான் அறுந்திருந்தன.

இரண்டாவது காரணம் பாதை. கேபிள் போகிற வழியைத்தான் சொல்கிறேன். ஹேண்டிலுக்குக் கீழே, முன்கழுத்தின் பக்கத்தில், கேபிளைத் தாங்க ஒரு கம்பி வளையம் இருக்கிறது. பழைய கேபிள் அதற்குள்ளால் போயிருந்தது. 2022இல் மாற்றியபோது அந்த வளையத்துக்கு வெளியே, ஹெட்லைட் பிடிக்கும் தகட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் போட்டிருக்கிறார்கள். அதனால் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் வெளிக்குழாய் நெருக்கி மடிந்தது, உள்வயர் இழுபட்டது. ரேஸ் தானாகக் கூடியதற்குக் காரணம் இதுதான். கேபிள் வேலையை முடித்த பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பி, சத்தம் மாறுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அன்றைக்கு யாரும் அதைச் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப சாமான்ல பிழை இல்லையா ஐயா?” என்று கேட்டேன்.

“இருக்கு. இல்லேன்னு சொல்லல.” குண்டைக் கையில் தந்தார். வார்ப்புக் குண்டு. வாயின் விளிம்பு அரம்போடாமல் கத்திமாதிரி இருந்தது. வயர் அதில்தான் உராய்ந்திருக்கிறது. வெளிக்குழாயை நெடுக்குவாட்டில் அறுத்துக் காட்டினார். நல்ல கேபிளில் சுருள் கம்பிக்குள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை ஒன்று நெடுக இருக்கும், இதில் இல்லை. மேலே மூடுகிற ரப்பர் தொப்பி வெடித்திருந்தது, மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. “ஆனா தம்பி, இதே கேபிள அந்த வளையத்துக்குள்ள போட்டு, குழியில ஒரு பொட்டு கிரீஸ் வெச்சிருந்தா, இன்னும் நாலு அஞ்சு வருசம் ஓடியிருக்கும். பழைய கேபிள் பதினோரு வருசம் ஓடுனதும் அது நல்ல கேபிள்ங்கிறதால மட்டும் இல்ல. சரியான வழியில போட்டிருந்தாங்க.”

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பொருளின் குணமாக மட்டுமே இத்தனை நாளும் எண்ணி வந்திருக்கிறேன். எந்தச் சாமான் நல்லது, எந்த நாட்டுச் சாமான் உழைக்கும் என்றுதான் கடையில் கேட்போம். எந்த வழியில் போட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஐயா காட்டிய பதினொரு துரு இழைக்கு நான் கடைக்காரரைக் காரணம் சொல்ல முடியாது.

பிறகு அவர் கேபிள் செய்தார். செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் சைக்கிள் பிரேக் வயர், அதுவும் பத்தொன்பது இழை. வேறொரு பெரிய வண்டியின் வெளிக்குழாய், நல்ல நிலையில். பித்தளைக் கம்பியில் சின்னத் துண்டு வெட்டித் துளையிட்டு, ஒரு பக்கத் துளை வாயைப் புனல்போல விரித்தார். மறுபக்க வாயைச் சின்ன அரத்தால் வழுவழுப்பாக்கினார். வயர் உராய்வது அந்தப் பக்கம் என்பதால் அதற்குத்தான் அதிக நேரம் எடுத்தார். வயரை உள்ளே விட்டு, நுனியின் இழைகளைப் பூவிதழ்போல விரித்து, விரிந்த பகுதி புனலுக்குள் அடங்கும்வரை பின்னால் இழுத்தார். அமிலத்தில் தொட்டெடுத்து, உருகிய ஈயத்துக்குள் ஒரு முக்கு. இரண்டு மூன்று விநாடிதான். இதற்குள் குண்டுக்குக் கீழே வயரில் ஈரத்துணி சுற்றியிருந்தார்.

ஈரத்துணி எதற்கென்று கேட்டேன். ஈயம் இழைகளுக்கு நடுவால் ஊறி மேலே ஏறும். ஏறினால் அந்த நீளம் முழுக்க வயர் கட்டையாகிவிடும், மடங்காது. அது முடிகிற இடத்தில் அறும். சூடு கூடினாலும் இரும்பு பதம் இழக்கும். வீட்டில் ஈயம் பற்றவைத்துப் பார்க்கிறவர்கள் நன்றாகப் பிடிக்கட்டும் என்று நிறைய நேரம் சூடு காட்டுவார்கள். அந்தக் கேபிள் இரண்டு மாதத்தில் அதே இடத்தில் போகும் என்றார்.

ஒரு முனை முடிந்ததும் வயரை வெளிக்குழாய்க்குள் விட்டு, நீளத்தை வண்டியில் வைத்தே அளந்து, மற்ற முனையைச் செய்தார். இரண்டு முனைக்கும் பத்துக் கிலோ இரும்புக் கட்டையைத் தொங்கவிட்டு வைஸில் மாட்டி விட்டுவிட்டு, என்னைச் சோறு சாப்பிடக் கூப்பிட்டார். பருப்பு, கருவாடு, முருங்கையிலைச் சுண்டல். சாப்பிட்டு வந்து பார்த்தபோது கட்டை அப்படியே தொங்கியது.

கயிற்றை இழுக்கிற இந்த ஏற்பாடு, அதாவது அசையாத குழாய்க்குள் அசையும் கம்பி, 1896இல் பௌடன் என்பவர் காப்புரிமை எடுத்தது. சைக்கிள் பிரேக்குக்காகப் பரவியது. இத்தனை வருடத்தில் அடிப்படை மாறவே இல்லை. பெரிய வண்டிகள் பலவற்றில் திறக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு கேபிள் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் கையாலேயே இழுத்து மூடிவிடலாம். விலை கூடிய புதிய வண்டிகளில் கேபிளே இல்லை. கிரிப்பில் சென்சர், எஞ்சின் பக்கம் ஒரு சின்ன மோட்டார். ஐயாவிடம் அதைச் சொன்னபோது ஆவலோடு கேட்டார். அது பழுதானால் றம்பொடை வளைவில் என்ன செய்வது என்றும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பூட்டும்போது கேபிளை வளையத்துக்குள்ளால் விட்டார். குழியைத் துடைத்து, சுரண்டி, கிரீஸ் ஒரு பொட்டு. கிரிப்பைத் திருப்பும்போது மூன்று நாலு மில்லிமீட்டர் வெறுமனே ஓட வேண்டும், அதற்குப் பிறகுதான் வயர் இழுக்க வேண்டும்; அந்த இடைவெளியை அட்ஜஸ்டரில் வைத்தார். எஞ்சினை எடுத்தோம். ஹேண்டிலை இடப்பக்கம் கடைசிவரை. வலப்பக்கம் கடைசிவரை. சத்தம் ஒரு துளி மாறவில்லை. கையைத் திறந்து விட்டேன். டக் என்று திரும்பியது. இந்த வண்டியில் அந்தச் சத்தத்தை நான் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன.

இரண்டு கேபிள் செய்யச் சொன்னேன், ஒன்று மேலதிகமாக. இரண்டுக்கும் கேட்ட காசு என் அறை வாடகையில் பாதி. கூடக் கொடுத்தபோது கையை மடக்கிவிட்டார். தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கிலோ தேயிலைத் தூள் தந்தார். விடுமுறை முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஐந்தாம் நாள்: அப்புத்தளை

காலையில் தம்பேதன்னைக்குப் போனேன். 1890இல் தோமஸ் லிப்டன் காலத்தில் எழுந்த தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது. அங்கிருந்து லிப்டன் இருக்கைக்கு ஏறுகிற ஒடுங்கிய வீதியில் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் பெரட்டுக் களத்திலிருந்து (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம்) மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வழி விட்டு நின்று நின்று போனேன். ஏற்றம் முழுக்க முதல் இரண்டு கியர்தான். கை சொன்னதை எஞ்சின் கேட்டது. மேலே மூடுபனி வருவதற்கு முன் அரை மணித்தியாலம் தெற்குப் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது.

இறக்கத்தில் வேண்டுமென்றே ஒவ்வொரு வளைவிலும் கையை விட்டு விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பியது.

நாளை பெரகலையில் இறங்கி, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய. 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவில் மூடுண்ட மீரியபெத்த அந்த வழியில்தான். அங்கே வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும்.

மேலதிகக் கேபிளைப் பற்றி ஐயா ஒன்று சொல்லியிருந்தார். முதல் கேபிளின் குழாய்க்குள் பிளாஸ்டிக் உறை உண்டு, அதற்கு எண்ணெய் தேவையில்லை, தடித்த எண்ணெய் விட்டால் புழுதியைப் பிடித்துப் பசையாகிவிடும். இரண்டாவது பழைய மாதிரி வெறும் இரும்புச் சுருள். அதற்கு மெல்லிய எண்ணெய் கட்டாயம் வேண்டும். நாளைக்கு அதை ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே, அதே வளையத்துக்குள்ளால் விட்டு, இரண்டு முனையையும் டேப் சுற்றி மூடிக் கட்டிவிடப் போகிறேன். முதலாவது எங்காவது போனால் முனைகளை மாற்றிக் கொழுவினால் போதும், டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கேபிள் அறை யன்னல் கம்பியில் தொங்குகிறது. மேல்முனையில் கடுதாசிப் புனல் ஒன்று கட்டி, தையல் மெஷின் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். கீழே நேற்றைய பேப்பரை விரித்திருக்கிறேன். இதை எழுதத் தொடங்கும்போது பேப்பர் சுத்தமாக இருந்தது. இப்போது அதில் துருக்கலந்த செம்மஞ்சளாக ஒரு சொட்டு. துருநிறம் இல்லாமல் தெளிவாகச் சொட்டும்வரை விட்டு வைக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுப் படுக்கிறேன்.